சொந்த கார்டையே உடைத்து ஜெயிக்கும் ‘ஹெவி மெட்டல்’ டெக்: யூ-கி-ஓ!வில் இது எப்படி வேலை செய்கிறது?

“மச்சி, மூணு மாசமா சேர்த்த பாயின்ட் இருக்கு. ஒரே ஒரு டெக்தான் கட்ட முடியும். ஹெவி மெட்டல் டெக் கட்டலாமா, வேணாமா?”

வேடசந்தூர் பக்கம் ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்க்கும் பள்ளி நண்பன் போன வாரம் அனுப்பிய வாய்ஸ் நோட் இது. ஷிஃப்ட் முடிந்து திண்டுக்கல் பஸ்ஸில் உட்கார்ந்தால் அவன் கையில் ‘யூ-கி-ஓ! மாஸ்டர் டூயல்’ ஓடிக்கொண்டிருக்கும். நாங்கள் இருவரும் ஸ்கூல் டைமில் WWE டிரம்ப் கார்டு ஆடியவர்கள். அதில் மூளைக்குப் பெரிய வேலை கிடையாது. ரேங்க் 1 கார்டு கையில் இருந்தால் ராஜா. உயரம், எடை, பைசெப்ஸ் என எண்ணைச் சொல்ல வேண்டும். யாருடைய எண் பெரிசோ அவருக்குக் கார்டு.

யூ-கி-ஓ! அப்படி இல்லை. இங்கே பெரிய எண் வைத்திருப்பவர் தோற்பதும், சின்ன கார்டுகளைச் சரியான வரிசையில் போடுபவர் ஜெயிப்பதும் சகஜம். இதற்கு நல்ல உதாரணம் நண்பன் கேட்ட அந்த டெக்தான்.

கிட்டார் இல்லை, உலோகம்தான்!

‘ஹெவி மெட்டல்’ என்றதும் நீள முடியும் எலெக்ட்ரிக் கிட்டாரும் ஞாபகம் வந்தால், சாரி! இது நிஜ உலோகம். டெக்கின் பெயர் மெட்டல்ஃபோஸ். 2016-ல் வந்தது. இதன் முக்கியக் கார்டு ‘ஹெவிமெட்டல்ஃபோஸ் எலெக்ட்ரமைட்’, 2017-ல் ஜப்பானில் வெளியானது. எலெக்ட்ரம் என்பது தங்கமும் வெள்ளியும் கலந்த உலோகம். பழங்கால லிடியாவில் நாணயம் அடித்தது இதில்தான்.

டெக்கின் அடிப்படை வீரர்கள் நான்கு பேர்: தங்கத்துக்கு கோல்ட்ரைவர், வெள்ளிக்கு சில்வர்ட், எஃகுக்கு ஸ்டீலன், நெருப்புக்கு வோல்ஃபிளேம். இவர்களைக் கலந்தால் ஓரிகால்க், அடமான்ட், மித்ரிலியம் போன்ற பெரிய மான்ஸ்டர்கள் வருவார்கள். செம்பும் துத்தநாகமும் சேர்ந்தால் பித்தளை ஆவது மாதிரி.

முதலில், பெண்டுலம் என்றால் என்ன?

ஆளுக்கு 8,000 லைஃப் பாயின்ட். மெயின் டெக்கில் 40 முதல் 60 கார்டுகள் இருக்கலாம். ஒரே கார்டு அதிகபட்சம் மூன்று. தனியாக எக்ஸ்ட்ரா டெக்கில் 15 வரை வைக்கலாம்.

மெட்டல்ஃபோஸ் வீரர்கள் நால்வருமே ‘பெண்டுலம்’ கார்டுகள். அதாவது, மான்ஸ்டராகவும் இறக்கலாம். களத்தின் இரண்டு ஓரங்களில் தராசுத் தட்டு மாதிரியும் வைக்கலாம். ஒவ்வொரு தட்டுக்கும் ‘ஸ்கேல்’ என்று ஓர் எண் உண்டு. கோல்ட்ரைவர், சில்வர்டுக்கு 1. ஸ்டீலன், வோல்ஃபிளேமுக்கு 8. ஒரு பக்கம் 1, மறுபக்கம் 8 வைத்தால், இடைப்பட்ட லெவல் 2 முதல் 7 வரையுள்ள மான்ஸ்டர்களை ஒரே நேரத்தில் மொத்தமாக இறக்கலாம். ஒரு டர்னுக்கு ஒரு முறைதான்.

பெண்டுலம் கார்டுகளில் இன்னொரு விசேஷம். களத்தில் இருக்கும்போது உடைந்தால் அவை கல்லறைக்குப் போகாது. முகம் தெரிய எக்ஸ்ட்ரா டெக்கில் போய் உட்காரும். அங்கிருந்து திரும்ப இறக்கிக்கொள்ளலாம்.

பழைய பாத்திரம் போட்டு புதுசு வாங்குவது

இதுதான் இந்த டெக்கின் சூட்சுமம். நான்கு வீரர்களுக்கும் தட்டில் இருக்கும்போது ஒரே சக்திதான்: களத்தில் முகம் தெரிய இருக்கும் உங்கள் வேறு ஒரு கார்டை உடைத்து, டெக்கிலிருந்து நேராக ஒரு மெட்டல்ஃபோஸ் மந்திரக் கார்டையோ பொறிக் கார்டையோ களத்தில் கவிழ்த்து வைக்கலாம்.

பாத்திரக் கடையில் பழைய பித்தளைக் குடத்தை எடைக்குப் போட்டுவிட்டு அம்மா புதுசு வாங்குவார் இல்லையா? அதே கணக்கு. ஒரே வித்தியாசம், இங்கே போட்ட பழைய குடமும் உங்கள் வீட்டுக்கே திரும்பி வரும்.

எதைக் கவிழ்த்து வைப்பது? உங்கள் டர்னில் என்றால் ‘மெட்டல்ஃபோஸ் ஃபியூஷன்’. சாதாரண மந்திரக் கார்டு என்பதால் வைத்த டர்னிலேயே பயன்படுத்தலாம். வேலை முடிந்து கல்லறைக்குப் போனபின் அதை டெக்கில் திரும்பக் கலந்து ஒரு கார்டு எடுத்துக்கொள்ளலாம். எதிராளி டர்னுக்குத் தற்காப்பு வேண்டும் என்றால் ‘மெட்டல்ஃபோஸ் கவுன்ட்டர்’ என்ற பொறி. உங்கள் கார்டு ஒன்று உடைந்தால், டெக்கிலிருந்து ஒரு மெட்டல்ஃபோஸை அது இறக்கிவிடும்.

எலெக்ட்ரமைட் செய்யும் மூன்று வேலைகள்

இரண்டு பெண்டுலம் மான்ஸ்டர்களைக் கொடுத்தால் எலெக்ட்ரமைட் வரும். வந்ததும் டெக்கிலிருந்து நீங்கள் விரும்பும் ஒரு பெண்டுலம் மான்ஸ்டரை எக்ஸ்ட்ரா டெக்குக்கு அனுப்பும். பிறகு உங்கள் கார்டு ஒன்றை உடைத்து, எக்ஸ்ட்ரா டெக்கிலிருந்து ஒரு பெண்டுலத்தைக் கைக்குக் கொண்டுவரும். தட்டில் இருந்த கார்டு களத்தை விட்டுப் போனால் ஒரு கார்டு எடுக்கவும் விடும்.

நாலாவதாக ஒன்றும் உண்டு, பலர் கவனிக்காதது. 2020-ல் விதி மாறிய பிறகும், எக்ஸ்ட்ரா டெக்கிலிருந்து பெண்டுலம் மான்ஸ்டர்களை நினைத்த இடத்தில் இறக்க முடியாது. நடுவில் உள்ள எக்ஸ்ட்ரா மான்ஸ்டர் கட்டத்தில் ஒன்று, இல்லையென்றால் லிங்க் மான்ஸ்டரின் அம்புக்குறி காட்டும் கட்டங்களில். எலெக்ட்ரமைட்டுக்குக் கீழ்நோக்கி இரண்டு அம்புகள். அதாவது, இரண்டு பேர் திரும்பி வர வழி.

5 கார்டு 8 ஆவது எப்படி?

கையில் கோல்ட்ரைவர், ஸ்டீலன், சில்வர்ட், ‘ஆஸ்ட்ரோகிராஃப் சோர்சரர்’, இன்னும் ஏதோ ஒரு கார்டு என்று வைத்துக்கொள்வோம். ஆஸ்ட்ரோகிராஃப் வெளியாள். ஆனால் உங்கள் கார்டு எது உடைந்தாலும் கையிலிருந்து ஓடி வரும் ஆள். உடைந்த மான்ஸ்டரின் இன்னொரு பிரதியையும் டெக்கிலிருந்து எடுத்துத் தரும்.

1. கோல்ட்ரைவர், ஸ்டீலன் இரண்டையும் தட்டுகளில் வையுங்கள். சில்வர்டை மான்ஸ்டராக இறக்குங்கள்.

2. கோல்ட்ரைவர் மூலம் ஸ்டீலனை உடையுங்கள். ஃபியூஷனைக் கவிழ்த்து வையுங்கள்.

3. உடைந்ததால் ஆஸ்ட்ரோகிராஃப் வரும். இரண்டாவது ஸ்டீலன் கைக்கு வரும்.

4. சில்வர்டையும் ஆஸ்ட்ரோகிராஃபையும் கொடுத்து எலெக்ட்ரமைட். அது வோல்ஃபிளேமை எக்ஸ்ட்ரா டெக்குக்கு அனுப்பட்டும்.

5. இரண்டாவது ஸ்டீலனைக் காலித் தட்டில் வையுங்கள். எலெக்ட்ரமைட் மூலம், வேலை முடிந்த கோல்ட்ரைவரை உடைத்து சில்வர்டைக் கைக்கு எடுங்கள். கூடவே ஒரு கார்டு இலவசம்.

6. சில்வர்டைத் தட்டில் வைத்து, இப்போது பெண்டுலம் சம்மன். அம்புகளுக்குக் கீழே ஆஸ்ட்ரோகிராஃபும் வோல்ஃபிளேமும் வந்து நிற்பார்கள்.

கணக்குப் பாருங்கள். களத்தில் மூன்று மான்ஸ்டர், இரண்டு தட்டு, கவிழ்த்த ஃபியூஷன் ஒன்று, கையில் இரண்டு. மொத்தம் 8. உடைத்த ஸ்டீலனும் கோல்ட்ரைவரும் அடுத்த டர்னுக்காக எக்ஸ்ட்ரா டெக்கில் காத்திருக்கிறார்கள்.

கவனித்தீர்களா, பெண்டுலம் சம்மன் கடைசியில்தான் வந்தது. நான் முதலில் ஆடியபோது தட்டு இரண்டும் கிடைத்த சந்தோஷத்தில் உடனே சம்மன் செய்துவிடுவேன். எலெக்ட்ரமைட் வரும்போது அந்த டர்னின் வாய்ப்பு தீர்ந்திருக்கும். அம்புகள் இரண்டும் சும்மா கிடக்கும். கார்டு குறையவில்லை, வரிசைதான் தப்பு.

ஏன் 40 கார்டு போதும்?

“நல்ல கார்டு நிறைய இருக்கே, 60 வைக்கலாமே” என்று தோன்றும். வேண்டாம். நான்கு வீரர்களும் மும்மூன்று என்றால் ஸ்கேல் 1-ல் ஆறு, ஸ்கேல் 8-ல் ஆறு. 40 கார்டு டெக்கில், முதல் ஐந்து கார்டுகளில் இரண்டு வகையும் கிடைக்கும் வாய்ப்பு சுமார் 30%. அதே டெக் 60 ஆனால் சுமார் 16%. அப்படியே பாதியாகிவிடுகிறது.

30%-ம் குறைவுதான். அதனால்தான் வெளியிலிருந்து பெண்டுலம் கார்டுகளைச் சேர்க்கிறார்கள். குறைந்த ஸ்கேல் ஒன்பது, அதிக ஸ்கேல் ஒன்பது என்று உயர்த்தினால் 40 கார்டில் வாய்ப்பு 52% ஆகும்.

எங்கே அடி விழும்?

பலரும் வைத்திருக்கும் ‘ஆஷ் பிளாசம்’ கார்டு, டெக்கிலிருந்து கைக்கு எடுப்பதைத் தடுக்கும். மெட்டல்ஃபோஸ் டெக்கிலிருந்து நேராகக் களத்தில் கவிழ்த்து வைப்பதால் அந்தச் சக்தி தப்பிவிடும். ஆனால் ஆஸ்ட்ரோகிராஃப் எடுத்துத் தருவதும், எலெக்ட்ரமைட் கார்டு எடுப்பதும் மாட்டும்.

‘எஃபெக்ட் வெய்லர்’, ‘இன்ஃபினிட் இம்பர்மனன்ஸ்’ போன்றவை எலெக்ட்ரமைட்டை அந்த டர்னுக்கு முடக்கிவிடும். அதற்குத்தான் கவிழ்த்த ஃபியூஷன் காப்பு. கையிலும் களத்திலும் இருப்பவர்களைக் கலந்து ஒரு பெரிய மான்ஸ்டரையாவது நிறுத்தலாம். ஒரு எச்சரிக்கை: களத்திலிருந்து கலந்தால் பெண்டுலம் எக்ஸ்ட்ரா டெக்குக்குப் போகும், கையிலிருந்து கலந்தால் கல்லறைதான். முடிந்தவரை களத்தில் இருப்பதைக் கலக்குங்கள்.

‘ஆன்டி-ஸ்பெல் ஃப்ராக்ரன்ஸ்’ என்ற பொறி வந்துவிட்டால் தட்டே வைக்க முடியாது. அதை உடைக்க ஒரு கார்டாவது டெக்கில் இருக்கட்டும்.

சரி, கட்டலாமா வேண்டாமா?

2022 ஜனவரியில் வந்த மாஸ்டர் டூயல் இலவச ஆப்தான். ஆனால் கார்டு இலவசம் இல்லை. ஒரு கார்டை உருவாக்க அதே தரத்தில் 30 பாயின்ட் வேண்டும். சாதாரணமாக ஒரு கார்டை உடைத்தால் கிடைப்பது 10. ஒன்றைப் பெற மூன்றை இழக்கிறீர்கள். மெட்டல்ஃபோஸ் களத்தில் உடைத்த கார்டு திரும்பி வரும்; ஆப்பில் உடைத்தது வராது.

அதனால் நண்பனுக்கு நான் சொன்னது இதுதான். ரேங்கில் மேலே போகத்தான் ஆசை என்றால் இது வேண்டாம்டா. பத்து வருஷப் பழைய டெக், புதிய டெக்குகளுக்கு முன்னால் மூச்சு வாங்கும். வரிசை, இழப்பு, திரும்ப எடுப்பது இதையெல்லாம் கத்துக்கணும்னா இதைவிட நல்ல டெக் கிடைக்காது. கட்டுவதற்கு முன் தடை, கட்டுப்பாட்டுப் பட்டியலை ஆப்பிலேயே பார். அது அடிக்கடி மாறும். முதலில் நான்கு வீரர்களையும் ஃபியூஷனையும் மட்டும் எடுத்து ரேங்க் இல்லாத ஆட்டங்களில் ஆடிப் பார். பிடித்தால் மட்டும் எலெக்ட்ரமைட்டுக்குச் செலவு பண்ணு. ஜெம் வாங்க சம்பளத்தில் கை வைக்காதே.

நேற்று ராத்திரி பதில் வந்தது. “கட்டியாச்சு மச்சி. முதல் மேட்ச் தோத்துட்டேன். சம்மனை முதல்லயே பண்ணிட்டேன்.”