மஞ்சள் லைட் ரூமுக்குள் மெழுகு வந்த கதை

கேட்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை. இப்போ நீங்க போட்டிருக்கிற டி-ஷர்ட்ல பிரிண்ட் இருந்தா, அதைக் கொஞ்சம் வெளிச்சத்துல காட்டிப் பாருங்க. மஞ்சள் எழுத்து, சுத்திக் கறுப்பு பார்டர்னு வச்சுக்கோங்க. ரெண்டு கலருக்கும் நடுவுல எங்கயாவது ஒரு நூல் அகலத்துக்குத் துணி எட்டிப் பார்க்குதா? இந்த எபிசோட் முழுக்க அந்த நூல் அகலத்தைப் பத்தினதுதான். அதைச் சரிபண்ணத்தான் எங்க வீட்டுப் பத்திரம் பேங்குக்குப் போச்சு.

நான் திருப்பூர்க்காரி. அப்பா 20 வருஷத்துக்கு மேல ஸ்கிரீன் பிரிண்டிங் யூனிட் நடத்துறார். ஜாப் ஒர்க்தான். பனியன் கம்பெனி துணியை வெட்டி பீஸா அனுப்பும், நாங்க பிரிண்ட் அடிச்சுக் கொடுப்போம், அவங்க தைச்சு ஏற்றுமதி பண்ணுவாங்க. பிரிண்ட் தப்பாப் போச்சுன்னா எங்க கூலி மட்டும் போகாது. அந்தத் துணிக்கும் சேர்த்து எங்க பில்லுல கழிச்சிடுவாங்க. அதனால எங்க வீட்டுல "ரெஜிஸ்டர் அவுட்"னு யாராவது சொன்னா, சாப்பாட்டுல உக்காந்திருக்கிறவங்க கூட எந்திரிச்சுடுவாங்க.

முதல்ல ஸ்கிரீன்னா என்னன்னு சொல்லிடறேன். அலுமினிய ஃபிரேம்ல இழுத்துக் கட்டின பாலியஸ்டர் வலை, அதை மெஷ்னு சொல்வோம். அது மேல எமல்ஷன் பூசி, மஞ்சள் லைட் மட்டும் எரியற ரூம்ல காய வைப்போம். எமல்ஷனோட குணம் இதுதான்: புற ஊதா வெளிச்சம் பட்ட இடம் இறுகிடும், படாத இடம் தண்ணி அடிச்சா கரைஞ்சு போயிடும். கரைஞ்ச இடத்து வழியாத்தான் இங்க் துணிக்கு இறங்கும். வெயில்ல சுத்துறவங்க கையில வாட்ச் கட்டின இடம் மட்டும் வெளுப்பா இருக்குமே, அதே கதைதான். எந்த இடத்துல இங்க் இறங்கணுமோ அந்த இடத்துக்கு ஒரு வாட்ச் கட்டணும்.

அந்த வாட்ச்தான் ஃபிலிம். கண்ணாடி மாதிரி இருக்கிற ஷீட்ல டிசைனைக் கறுப்பா பிரிண்ட் எடுத்து, ஸ்கிரீன் மேல ஒட்டி, கண்ணாடி டேபிள்ல வச்சு, வேக்குவம் போட்டு அழுத்தி, லைட் அடிக்கணும். கலருக்கு ஒரு ஸ்கிரீன், ஸ்கிரீனுக்கு ஒரு ஃபிலிம். ஆறு கலர் டிசைன்னா ஆறு ஃபிலிம்.

இதுல தப்பு நடக்க எத்தனை வழி இருக்கு பாருங்க. காலையில எடுத்த ஃபிலிமும் மதியம் எடுத்த ஃபிலிமும் ஒரே அளவுல இருக்கும்னு சொல்ல முடியாது. சூட்டுக்கும் ஈரத்துக்கும் பிளாஸ்டிக் லேசா நீளும், சுருங்கும். கண்ணாடி மேல ஒரு தூசி இருந்தா ஸ்கிரீன்ல ஒரு ஊசி ஓட்டை. ஃபிலிம் எமல்ஷனோட சரியா ஒட்டலைன்னா, ஓரத்துல வெளிச்சம் அடியில புகுந்து, சின்னச் சின்னப் புள்ளிகளைத் தின்னுடும். இது எல்லாத்துக்கும் மேல, ஆறு ஃபிலிமையும் ஆறு ஸ்கிரீன்ல ஒரே இடத்துல ஒட்டணும். கண்ணை நம்பி, செலோடேப்பை நம்பி.

எங்க யூனிட்ல அந்தக் கண்ணு ஒரு அண்ணனோடது. நான் யூனிஃபார்ம் போட்டு ஸ்கூல் போன காலத்துல இருந்து அவர்தான் எக்ஸ்போஸிங். மஞ்சள் லைட் ரூமுக்குள்ள அவர் ராஜ்ஜியம். அவர் லீவு போட்டா அன்னைக்குப் புது டிசைன் எதுவும் ஏறாது. அவர் கை எவ்வளவு சுத்தமா இருந்தாலும், மெஷின்ல ஸ்கிரீனை ஏத்தினதுக்கு அப்புறம் ஆறு கலரையும் தள்ளித் தள்ளி ஒன்னுக்கு மேல ஒன்னு உக்கார வைக்க சில நாள் ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரமும் மெஷின் சும்மா நிக்கும், ஆளுங்களும் நிப்பாங்க. முன்ன மாதிரி ஒரு டிசைன் 10,000 பீஸ் ஓடின காலத்துல அது பெரிசாத் தெரியல. இப்போ 600 பீஸுக்கு ஒரு டிசைன், 400 பீஸுக்கு இன்னொன்னு. அடிக்கிற நேரத்தை விட அடிக்கத் தயாராகிற நேரம் அதிகமா இருந்துச்சு.

அப்பதான் சி.டி.எஸ். பத்தி நான் வீட்டுல பேச ஆரம்பிச்சேன். கம்ப்யூட்டர் டு ஸ்கிரீன். ஃபிலிமே வேண்டாம், டிசைனை நேரா எமல்ஷன் மேலயே மெஷின் வரைஞ்சிடும். இதுல மூணு வகை இருக்கு. ஒன்னு, தண்ணி மாதிரி இங்க் தெளிக்கிறது. இன்னொன்னு, இங்கே இல்லாம வெளிச்சத்தாலயே நேரா எழுதறது. அருமையா இருக்கும், விலை எங்க உயரத்துக்கு எட்டாது. மூணாவதுதான் மெழுகு.

மெழுகை பிரிண்டர்ல போடறது புது யோசனை இல்ல. அமெரிக்காவுல டெக்ட்ரானிக்ஸ் கம்பெனி 1990-களிலேயே ஆபீஸ் கலர் பிரிண்டர்ல கிரேயான் மாதிரி கட்டிகளைப் போட்டு ஓட்டுச்சு. 2000-ல் அந்தப் பிரிவை ஜெராக்ஸ் வாங்குச்சு. இதுலயும் அதே தத்துவம்தான். கட்டியா இருக்கிற மெழுகு சூடான ஹெட்டுக்குள்ள உருகி, துளித்துளியா எமல்ஷன் மேல விழும். விழுந்த நொடியே உறைஞ்சிடும். இங்க் மாதிரி பரவாது, ஊறாது, காய வைக்கத் தேவையில்ல. ஐப்பசி கார்த்திகை மழையில எமல்ஷன்ல லேசா ஈரம் நின்னா தண்ணி இங்க் ஓரம் கசியும். மெழுகுக்கு அந்தப் பயம் ரொம்பக் கம்மி. லைட் அடிச்சு முடிச்சுத் தண்ணி விட்டா, அடியில இருக்கிற எமல்ஷன் கரையும்போது மெழுகும் அதோட உதிர்ந்து போயிடும். சுவாமிமலையில சிலை வார்க்கிறவங்க மெழுகை உருக்கி வெளிய விட்டுட்டு அந்த இடத்துல உலோகத்தை ஊத்துவாங்க இல்ல? நாங்க அந்த இடத்துல இங்க் இறக்கறோம்.

முக்கியமான விஷயம் வேற. மெஷின்ல ஃபிரேம் வந்து முட்டி நிக்கிற மூணு ஸ்டாப்பர் இருக்கும். பிரிண்டிங் மெஷின்லயும் அதே கணக்குல மூணு ஸ்டாப்பர். ஆறு ஸ்கிரீனையும் ஒரே இடத்துல முட்ட வச்சு வரைஞ்சா, ஆறும் அதே இடத்துல உக்காரும். கொஞ்சம் திருகினா போதும். பல பேர் இந்த மெஷினை ஃபிலிம் செலவு மிச்சம்னு சொல்லித்தான் விக்கிறாங்க. என்னைக் கேட்டா அது சில்லறைக் காசு. மெழுகும் சும்மா வராது, அந்த மெஷினுக்குன்னு செஞ்ச மெழுகைத்தான் வாங்கணும், அவங்க சொன்னதுதான் விலை. திரும்பி வர்றது அந்த ஒரு மணி நேரம்தான்.

விலையைக் கேட்டதும் அப்பா டீ கிளாஸைக் கீழ வச்சுட்டார். "ஏன் கண்ணு, அவன் கைக்கு என்ன குறை?"ன்னார். அந்தக் கேள்விக்கு என்கிட்ட அப்போ பதில் இல்ல. மூணு வாரம் ரெண்டு பேரும் கணக்கு மட்டும்தான் பேசிக்கிட்டோம். அண்ணன் ஒன்னும் கேக்கல. ரூம் கதவை மட்டும் எப்பவும் விட கொஞ்சம் சத்தமா சாத்தினார்.

மெஷின் வந்தது. நாலாவது நாள் ஹெட் இடிச்சது.

ஹெட்டுக்கும் மெஷுக்கும் நடுவுல மயிரிழை மாதிரி இடைவெளிதான் இருக்கும். எங்ககிட்ட இருந்ததுல பாதி ஃபிரேம் வருஷக்கணக்கா அடி வாங்கி லேசா முறுக்கியிருந்தது. கண்ணாடி டேபிள்ல வேக்குவம் போட்டு அமுக்கினப்ப அது தெரியவே இல்ல. இங்க ஒரு மூலை தூக்கி நின்னு, ஓடி வந்த ஹெட்ல பட்டுடுச்சு. செக் பண்ணாம ஏத்தினது நான்தான். ஹெட் பிழைச்சது, ஆனா சர்வீஸ் ஆள் வந்து சேர ஆறு நாள் ஆச்சு. அந்த ஆறு நாளும் அண்ணன் பழைய ஃபிலிம் பிரிண்டரைத் துடைச்சு எடுத்து வேலையை ஓட்டினார். ஒரு வார்த்தை குத்திச் சொல்லல. அதுதான் அதிகமா வலிச்சது.

அதுக்கப்புறம் எல்லா ஃபிரேமையும் கிரானைட் கல் மேல வச்சு, எந்த மூலை ஆடுதுன்னு பார்த்துப் பிரிச்சோம். தொய்ஞ்ச மெஷ்ஷையெல்லாம் கிழிச்சுப் புதுசா இழுத்தோம். மெஷின் விலையில சேராத செலவு இது. யாரும் முன்கூட்டியே சொல்ல மாட்டாங்க, அதனால நான் சொல்றேன்.

அடுத்தது எக்ஸ்போஷர் நேரம். கண்ணாடியும் ஃபிலிமும் வெளிச்சத்துல ஒரு பங்கைக் குடிச்சிடும். ரெண்டும் இல்லைன்னா பழைய நேரம் அதிகம். நுணுக்கமான இடமெல்லாம் அடைச்சுக்கும். 21 படி இருக்கிற ஒரு சாம்பல் பட்டை இருக்கு, ஒவ்வொரு படியா கறுத்துக்கிட்டே போகும். அதை ஸ்கிரீன் மூலையில ஒட்டி, ஏழாவது படி வரைக்கும் எமல்ஷன் நிக்குதான்னு பார்த்து நேரத்தைக் குறைச்சுக்கிட்டே வந்தோம். ஒவ்வொரு மெஷ்ஷுக்கும் தனித்தனியா. இது ரெண்டு நாள் வேலை, அவ்வளவுதான்.

உண்மையான அடி அதுக்கப்புறம் விழுந்தது. ஏற்கனவே ஓடின ஒரு குழந்தை டி-ஷர்ட் டிசைன், ரிப்பீட் ஆர்டர். கரடிக்குட்டி முகம், முழுக்கப் புள்ளிப் புள்ளியா நிழல் விழுந்த பிரிண்ட். அதே ஃபைல், அதே இங்க், அதே மெஷ். மெழுகு மெஷின்ல ஸ்கிரீன் எடுத்து சாம்பிள் அடிச்சா, கரடி முகம் அழுக்காத் தெரியுது. கம்பெனி மெர்ச்சண்டைசர் போன்ல, "பையர் அப்ரூவ் பண்ணின சாம்பிள் இது இல்லீங்க, டோன் மாறியிருக்கு"ன்னார். நானும் டிசைனரும் ராத்திரி 11 மணி வரைக்கும் ஃபைலைக் குடைஞ்சோம். தப்பே இல்ல.

அண்ணன்தான் பழைய துணியையும் புதுத் துணியையும் லென்ஸ் வச்சுப் பார்த்தார். "பாப்பா, இதுல புள்ளி ஜாஸ்தி இருக்குதுங். முன்ன இதெல்லாம் வராதுங்களே"ன்னார்.

அப்பதான் விளங்கிச்சு. ஃபிலிம் ஓரத்துல புகுந்த வெளிச்சம், இத்தனை வருஷமா வெளிறின இடத்துல இருக்கிற பொடிப்புள்ளிகளைத் தின்னுக்கிட்டே இருந்திருக்கு. பையர் பார்த்து ஓகே சொன்னது, அந்தப் புள்ளிகள் தொலைஞ்சு போன கரடியை. மெழுகு ஒரு புள்ளியையும் விடாம வரைஞ்சதால முகத்துல நிழல் கூடிடுச்சு. ஃபைல்ல இருக்கிறதுதான் சரி, ஆனா மார்க்கெட்ல இருக்கிறது தப்பு; அந்தத் தப்போட போய் ஒத்துப் போகணும். எந்த டிசைன்ல எவ்வளவு புள்ளி தொலையும்னு அண்ணனுக்குக் கைக்கணக்கு இருந்தது. சிலதுக்கு நேரத்தைக் கூட்டுவார், சிலதுக்கு டிசைனர்கிட்ட "கொஞ்சம் கெட்டியாக் கொடுங்க"ம்பார். அது எந்த நோட்டுலயும் எழுதி இல்ல.

நாலு நாள் அவரை கம்ப்யூட்டர் பக்கத்துல உக்கார வச்சோம். சாப்ட்வேர்ல ஒரு கர்வ் இருக்கு: ஃபைல்ல 5 சதவீதம்னா ஸ்கிரீன்ல எவ்வளவு வரணும், 10-னா எவ்வளவுன்னு சொல்லிக்கொடுக்கிற வளைகோடு. பழைய டிசைனுக்கு ஒரு கர்வ், புது டிசைனுக்கு ஒன்னு. அவர் துணியைப் பார்த்துச் சொல்லச் சொல்ல நான் நம்பரை மாத்தினேன். அஞ்சாவது சாம்பிள் அப்ரூவ் ஆச்சு. அன்னைக்கு ராத்திரி அப்பா கேட்ட கேள்விக்கு எனக்குப் பாதி பதில் கிடைச்ச மாதிரி இருந்துச்சு. அவர் கைக்கு ஒரு குறையும் இல்ல. அந்தக் கைக்குள்ள என்ன இருந்துச்சுன்னு எங்க யாருக்கும் தெரியாம இருந்ததுதான் குறை.

மீதிப் பாதி அவ்வளவு இனிப்பா இல்ல. ஃபிலிம் வெட்டி, ஒட்டிக் கொடுக்க ஒரு தம்பி இருந்தான். அவனுக்கு வேலை இல்லாமப் போச்சு. மெஷின்ல ஹெல்பரா நில்லுன்னு சொன்னோம். ரெண்டு மாசம் நின்னுட்டு வேற யூனிட்டுக்குப் போயிட்டான். அங்க இன்னும் ஃபிலிம்தான்.

இன்னும் ரெண்டு விஷயம், வேகமா. கரண்ட் போனா ஹெட்ல மெழுகு உறையும். திரும்பச் சூடாக்கி, கொஞ்சம் மெழுகை வெளிய தள்ளி வீணாக்கித்தான் ஆரம்பிக்கணும், யு.பி.எஸ். இல்லாம இந்த மெஷின் பக்கமே போகாதீங்க. அப்புறம், உதிர்ற மெழுகு தண்ணில கரையாது. வாஷ் தொட்டி வாயில துணி ஃபில்டர் கட்டியிருக்கோம். 2011-ல் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. நொய்யலுக்குப் போற எதையும் லேசா எடுத்துக்க முடியாது.

எல்லாருக்கும் இது தேவையான்னு கேட்டா, இல்லைன்னுதான் சொல்வேன். கல்லூரி விழாவுக்கு ஒரு கலர்ல பேர் அடிச்சுக் கொடுக்கிற கடைக்கு ஃபிலிமே சொர்க்கம். 20 பீஸ், 30 பீஸ் வேலையெல்லாம் ஏற்கனவே டி.டி.எஃப். பக்கம் போயிடுச்சு. ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவை டிசைன் மாத்தற, நாலு கலருக்கு மேல அடிக்கிற யூனிட்டா இருந்தா உக்காந்து கணக்குப் போடுங்க. போடறப்ப ஃபிலிம் பில்லைப் பார்க்காதீங்க. மெஷின் எத்தனை நேரம் சும்மா நிக்குதுன்னு ஒரு வாரம் கடிகாரம் பார்த்து எழுதுங்க.

எங்க லோன் இன்னும் ஓடுது. மஞ்சள் லைட் ரூம் இப்பவும் அண்ணனோட ராஜ்ஜியம்தான். புது ஃபிரேம் எது வந்தாலும் அவர் கல்லுல வச்சு ஆட்டிப் பார்க்காம உள்ள விடமாட்டார், நான் எடுத்துட்டுப் போனாலும் சரி. பழைய கண்ணாடி டேபிளை விக்கலாம்னு ரெண்டு தடவை சொல்லிப் பார்த்துட்டேன். அப்பா அது மேல தினத்தந்தி விரிச்சு கணக்கு எழுதிக்கிட்டிருக்கார்.