நடப்பதற்கேற்ற குடியிருப்பு

புதிதாக ஓரிடத்திற் குடியேறும்போது நாம் முதலிற் கேட்பவை யாவை? அறைகள் எத்தனை, வாடகை எவ்வளவு என்பனவே. பிள்ளைகள் பள்ளிக்கு எவ்வழியே நடந்து செல்வர், முதியோர் மாலையில் எங்கே அமர்வர், வீட்டினுள் வெயில் எப்பொழுது நுழையும் என்னும் கேள்விகள் பிறகுதான் எழுகின்றன. ஆயினும் நாள்தோறும் நம்மை வாழ்விப்பனவும் வருத்துவனவும் இப்பிந்திய கேள்விகளே. மும்பையின் கிழக்கே, கோவண்டியிலும் அதன் அயலிலும் வாழும் தமிழர்கள் இதனை அனுபவத்தில் அறிவார்கள்.

நடந்தே வாழத்தக்க ஊர் நமக்குப் புதிதன்று. மதுரையில் கோயிலை நடுவாகக் கொண்டு சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என வீதிகள் ஒன்றையொன்று சூழ்ந்து கிடக்கின்றன. வீடும் கடையும் கோயிலும் அங்கே கால்நடைத் தொலைவில் அமைந்தவை. ஸ்காட்லாந்து அறிஞர் பாட்ரிக் கெடிஸ் 1915-ஆம் ஆண்டளவிற் சென்னை மாகாணத்து ஊர்கள் பலவற்றைப் பார்வையிட்டார். 1919 முதற் பம்பாய்ப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராக விளங்கினார். நெரிசலான தெருக்களை அடியோடு இடித்துவிட்டு அகன்ற சாலைகள் போடுவதை அவர் விரும்பவில்லை. பாழடைந்த சில கட்டடங்களை மட்டும் அகற்றி, அவ்விடத்தில் மரத்தையும் காற்றையும் கொண்டுவந்தாற் போதும் என்பது அவர் கொள்கை. அமெரிக்கரான கிளாரன்ஸ் பெர்ரி 1929-இல் வேறொரு விதியை வகுத்தார். குடியிருப்பின் நடுவே பள்ளி இருத்தல் வேண்டும். அது கால் மைல் நடைக்குள் எட்டவேண்டும். பெருஞ்சாலைகள் குடியிருப்பின் எல்லையோடு நின்றுவிட வேண்டும்.

மும்பையிலேயே இதற்குச் சான்று உண்டு. 1896-இற் பிளேக் நோய் பரவியதன் பின்னர், 1898-இல் நகரச் சீர்திருத்த டிரஸ்டு நிறுவப்பட்டது. அது வகுத்த தாதர்–மாதுங்கா திட்டத்திற் சாலைகளுக்கும் மரங்களுக்கும் பூங்காக்களுக்கும் முதலிலேயே இடம் ஒதுக்கப்பட்டது. அங்கே குடியேறிய தமிழர்களுக்குக் கடையும் கோயிலும் ரயிலும் நடைத் தொலைவிற் கிடைத்தன.

கோவண்டிப் பக்கத்தின் கதை வேறு. நகரத்திலிருந்து அகற்றப்பட்டவர்கள் குடியமர்த்தப்பட்ட ஜனதா காலனி, டிராம்பே அணு ஆராய்ச்சி நிலையத்தின் அருகே இருந்தது. கோலார் தங்கவயலிற் பிறந்த தமிழரான ஜோக்கின் அற்புதம் அங்கே வாழ்ந்தவர். குப்பை அகற்றப்படாத நிலை கண்டு, சிறுவர்களைத் திரட்டி, ஆளுக்குக் கொஞ்சம் குப்பையைச் சுமக்கச் செய்து, மாநகராட்சி அலுவலகத்தின் முன் கொட்டச் செய்தவர் அவர். 1976 மே மாதத்தில், நெருக்கடி நிலைக் காலத்தில், அக்காலனி இடிக்கப்பட்டது. சுமார் 70,000 மக்கள் சீதா கேம்பின் சதுப்பு நிலத்திற்கு மாற்றப்பட்டனர். சிறு மனைகளே கிடைத்தன. எனினும் தெருவும் திண்ணையும் கடையும் தரையில் இருந்தமையால் அண்டை அயல் என்னும் உறவு மீண்டும் தழைத்தது.

பிற்காலத்தில் அடுக்குமாடிகள் வந்தன. ரயில், சாலைத் திட்டங்களுக்காக வீடிழந்தோர்க்கு நட்வர் பாரேக் வளாகம், லல்லுபாய் வளாகம் ஆகியவற்றில் 225 சதுர அடி வீடுகள் தரப்பட்டன. சுவரும் கூரையும் உறுதியானவை, உரிமையும் கிடைத்தது. ஆனால் நட்வர் பாரேக் வளாகத்திற் கட்டடங்களுக்கிடையே விடப்பட்ட இடைவெளி ஏறக்குறைய 3 மீட்டரே. கீழ்த்தளங்களில் நண்பகலிலும் விளக்கேற்ற வேண்டியிருக்கிறது. இத்தகைய வளாகங்களில் மருத்துவர்கள் ஆராய்ந்தபோது, வெளிச்சமும் காற்றும் குன்றிய கீழ்த்தளங்களில் காசநோய் மிகுதியாகக் காணப்பட்டது. காசநோய்க் கிருமி காற்றோட்டமற்ற அறையில் நெடுநேரம் தங்கும். வெயிலில் விரைவில் மடியும். ஆதலின் கட்டடத்தின் இடைவெளி என்பது அழகைப் பற்றிய பேச்சன்று. உயிரைப் பற்றிய பேச்சு.

இன்று இக்கேள்வி மேலும் கூர்மையடைந்துள்ளது. தாராவி மறுசீரமைப்பில், அங்கேயே வீடு பெறத் தகுதியற்றவர்கள் எனக் கருதப்படுவோரைக் குடியமர்த்த, 1927 முதற் குப்பை கொட்டப்பட்டு வரும் தேவனார் நிலத்தின் ஒரு பகுதியை மகாராஷ்டிர அரசு 2024-இல் ஒதுக்கியது. தாராவியில் வீட்டிற்கும் தொழிலுக்கும் இடையே உள்ள தொலைவு பலருக்குச் சில அடிகளே. அத்தொலைவு பல மைல்களானால், வீடு கிடைத்தும் பிழைப்புக் கெடும்.

ஆகவே, வரைபடத்தை நம்மிடம் காட்டும்போது நாம் கேட்கவேண்டியவை சில உண்டு. கீழ்த்தளத்து வீட்டிற்கு வெயில் வருமா? குழந்தை பெருஞ்சாலையைக் கடவாமற் பள்ளி சேருமா? இரவில் பெண்கள் அஞ்சாது நடக்க விளக்கும் திறந்த கடைகளும் இருக்குமா? மழைநீர் எவ்வழியே வடியும்? குப்பையை அகற்றுவோர் யார்? இவற்றிற்கு விடை பெற்ற பின்னரே கையெழுத்திடுதல் நலம். சுவர் எழும்பிய பின் இடைவெளியைப் பெருக்க எவராலும் இயலாது. கோடு போடும்போது பேசினால் இயலும்.