பழந்தமிழ் அச்சு நூல்களை மின்வருடுவதற்கான வன்பொருள் தேர்வு

திறவுச்சொற்கள்: மின்வருடல், வருடி, பிரிதிறன், சேமிப்பகம், விவரக்குறிப்பு

முன்னுரை

தமிழியல் ஆய்வுத் திட்டங்களில் வன்பொருள் வாங்குவதற்கான நிதி பெரும்பாலும் ஒருமுறையே கிடைக்கிறது. அதன் பெரும்பங்கை விரைவான செயலியுடைய கணினிக்கு ஒதுக்கிவிட்டு, எஞ்சியதில் வருடியும் சேமிப்பகமும் வாங்கலாம் என்று எண்ணுவது இயல்பே. ஆனால், பழைய அச்சு நூல்களை மின்வருடும் பணிக்கு இவ்வரிசை தலைகீழாக அமைய வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

நூலின் தரவளவு

டெம்மி அளவு நூலின் பக்கம் ஏறத்தாழ 5.5 × 8.5 அங்குலம். இதனை அங்குலத்திற்கு 600 புள்ளிகள் என்னும் பிரிதிறனில் வண்ணப்படமாக வருடினால் 3300 × 5100 படப்புள்ளிகள் கிடைக்கும். ஒரு படப்புள்ளிக்கு 3 பைட் வீதம் பக்கத்திற்கு ஏறத்தாழ 50 மெகாபைட். 300 பக்க நூலுக்கு 15 ஜிகாபைட். இருநூறு நூல்கள் 3 டெராபைட்டைத் தொட்டுவிடும். பிரிதிறனை 300 ஆகக் குறைத்தால் இவ்வளவு நான்கில் ஒன்றாகும். இழப்பில்லாச் சுருக்க முறைகளும் ஓரளவு இடத்தை மிச்சப்படுத்தும்.

அதே நூலை ஒருங்குறியில் தட்டச்சு செய்தால் நிலைமை வேறு. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட் இடம் கொள்ளும். 'கி' என்னும் ஓரெழுத்து ககரத்திற்கும் இகரக் குறிக்குமாக 6 பைட் கொள்ளும். பக்கத்திற்கு 1,500 குறியீடுகள் எனக் கொண்டாலும் நூல் முழுவதும் 1.5 மெகாபைட்டைத் தாண்டாது. எனவே சேமிப்பகத் தேவையை உறுதிசெய்வது உரையன்று, படமே.

வருடி

மலிவான தட்டை வருடிகளில் பல சிஐஎஸ் வகை உணரியைக் கொண்டவை. இவ்வுணரியின் குவிய ஆழம் மிகக் குறைவு. கண்ணாடியைத் தொட்டிருக்கும் பகுதி தெளிவாகப் பதியும். கட்டுமானத்தை ஒட்டி மேலெழும் உள்விளிம்பு மங்கிவிடும். அதைத் தெளிவாக்க நூலை அழுத்தினால், நொறுங்கும் நிலையிலுள்ள தாளும் தையலும் சிதையும். சிசிடி வகை உணரியும் ஒளிவில்லைத் தொகுதியும் உடைய வருடி பருமனானது, விலையும் கூடுதல். ஆயினும் இவ்விளிம்பை மேலும் தெளிவாகப் பதிவுசெய்யும். விரிக்கவே இயலாத நூலுக்கு இரண்டும் உதவா. மேலிருந்து படமெடுக்கும் ஒளிப்படக்கருவியே தக்கது.

விவரத்தாளில் ஒளியியல் பிரிதிறனை மட்டுமே நோக்க வேண்டும். மென்பொருள்வழிப் பெருக்கிக் காட்டும் எண் எத்துணைப் பெரிதாயினும், தேய்ந்த அச்சில் மெய்யெழுத்தின் புள்ளியை அது மீட்டுத் தராது.

கணினியும் சேமிப்பகமும்

டெசராக்ட் போன்ற எழுத்துணரிகள் மையச் செயலியிலேயே இயங்குவன. நரம்பணு வலைப்பின்னல் மாதிரிகளைத் தாமே பயிற்றுவிக்க விழையாத ஆய்வாளருக்கு விலைமிகுந்த வரைகலைச் செயலி தேவையில்லை. 16 ஜிகாபைட் நினைவகம் போதுமானது; ஆனால், அதனைப் பின்னர் கூட்ட இடமிருக்க வேண்டும். மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் நினைவகம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருப்பதால் மேசைக்கணினியே ஏற்றது.

அன்றாடப் பணிக்கு எஸ்எஸ்டி எனப்படும் திண்மநிலை வட்டு விரைவு தரும். ஆயின், அதனை அலமாரியில் பூட்டிவைக்கும் காப்பகமாகக் கருதலாகாது. மின்னிணைப்பின்றி நெடுங்காலம் கிடந்தால் மின்னூட்டம் கசிந்து தரவு அழியக்கூடும். வெப்பம் அதனை விரைவுபடுத்தும். காப்புப் படிகளுக்கு வன்தட்டுகள் இரண்டினை வாங்கி, வெவ்வேறு கட்டடங்களில் வைத்து, அவ்வப்போது இயக்கிச் சரிபார்ப்பது நலம். 1 டெராபைட் வட்டை விண்டோஸ் 931 ஜிகாபைட் என்றே காட்டும். இது குறைபாடன்று, பதின்ம, இரும எண்ணல் முறைகளின் வேறுபாடே.

விவரக்குறிப்பு

குறைந்த விலைப்புள்ளி ஏற்கப்படும் நிறுவனக் கொள்முதலில் 'உயர்தர வருடி' என்று எழுதுவதால் பயனில்லை. மிக மலிவான சிஐஎஸ் கருவியும் அத்தொடருக்குள் அடங்கிவிடும். உணரியின் வகை, ஒளியியல் பிரிதிறன், வருடும் பரப்பு, யுஎஸ்பி 3.0 இணைப்பு, கணினியில் வெறுமையாக உள்ள நினைவகச் செருகிடங்களின் எண்ணிக்கை, காப்புறுதிக் காலம் ஆகியவற்றை எண்களோடு குறிப்பிட வேண்டும். தைத்துக் கட்டிய 300 பக்க நூலொன்றின் நடுப்பக்கத்தை அழுத்தாமல் வருடிக் காட்ட வேண்டும் என்னும் செய்முறை நிபந்தனையையும் சேர்த்துவிட்டால், ஏற்புக்குழு உள்விளிம்பின் எழுத்துகளைப் படித்துப் பார்த்தே முடிவெடுக்கலாம்.