ட்ரேடு முடிஞ்சது... ஆனா முடியல! ஒரு பட்டியலால் ரத்தான ஹாக்கி டீல்

2025 நவம்பர் ஞாபகம் இருக்கா? ஜடேஜா ராஜஸ்தானுக்குப் போறார், சஞ்சு சாம்சன் சென்னைக்கு வர்றார்னு நம்ம டைம்லைன் முழுக்க அதே பேச்சு. ஐபிஎல்லில் வீரரின் சம்மதம் இல்லாமல் ட்ரேடு நடக்காது. ஆனால் வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கி லீக்கான என்ஹெச்எல்லில் கதையே வேற. காலையில் ஒரு ஊரில் பயிற்சிக்குப் போகும் வீரரை, மாலைக்குள் இன்னொரு ஊருக்கு மாற்றிவிடலாம். அவரிடம் யாரும் கேட்கத் தேவையில்லை.

ஒரே ஒரு விஷயம் இதைத் தடுக்கும்: ஒப்பந்தத்தில் இருக்கும் 'நோ-ட்ரேடு' நிபந்தனை. அதுவும் எல்லோருக்கும் கிடைக்காது. 27 வயது ஆகியிருக்கணும், இல்லைன்னா 7 சீசன் ஆடியிருக்கணும்.

2022-ல் என்ன நடந்தது?

அந்த ஆண்டு ட்ரேடு கெடு மார்ச் 21, அமெரிக்கக் கிழக்கு நேரப்படி மதியம் 3 மணி. வேகாஸ் கோல்டன் நைட்ஸ் அணி, ரஷ்ய வீரர் எவ்கெனி டடோனோவை அனஹைம் டக்ஸுக்கு அனுப்புவதாக அறிவித்தது. பதிலுக்கு வேகாஸுக்கு வருவது ஜான் மூர், கூடவே ரயன் கெஸ்லரின் ஒப்பந்தம்.

கவனிங்க, கெஸ்லர் இல்லை, கெஸ்லரின் 'ஒப்பந்தம்'. இடுப்புப் பிரச்சினையால் 2019 மார்ச்சுக்குப் பிறகு அவர் ஆடவே இல்லை.

ஆடாத வீரரை எதற்கு வாங்கணும்?

சம்பள உச்சவரம்புக்காக. 2021-22 சீசனில் ஓர் அணியின் மொத்தச் சம்பளக் கணக்கு 8.15 கோடி டாலரைத் தாண்டக் கூடாது. ஆனால் நீண்டகாலக் காயத்தில் இருப்பவரின் சம்பள அளவுக்குக் கூடுதலாகச் செலவு செய்ய லீக் அப்போது அனுமதித்தது. கெஸ்லரின் கணக்கு 68.75 லட்சம் டாலர். டடோனோவின் 50 லட்சம் டாலரை வெளியே அனுப்பி இதை உள்ளே கொண்டுவந்தால், காயத்திலிருந்து திரும்பவிருந்த கேப்டன் மார்க் ஸ்டோனுக்கு இடம் கிடைக்கும். வேகாஸின் கணக்கு அதுதான்.

எங்கே சிக்கியது?

டடோனோவ் 2020-ல் ஒட்டாவா செனட்டர்ஸுடன் 3 ஆண்டு, 1.5 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார். 'இந்த 10 அணிகளுக்கு என்னை அனுப்பக் கூடாது' என்று பட்டியல் கொடுக்கும் உரிமை அதில் இருந்தது. 2021 ஜூலையில் ஒட்டாவா அவரை வேகாஸுக்கு ட்ரேடு செய்தது. ஒப்பந்தம் கைமாறியது. ஆனால் பட்டியல் பற்றிய தகவல் சரியாகப் போய்ச் சேரவில்லை. அது நடைமுறையில் இல்லை என்று நினைத்தே வேகாஸ் டீல் பேசியது.

அந்தப் பத்தில் ஒன்று, அனஹைம்.

டடோனோவ் தரப்பு எதிர்ப்புத் தெரிவித்தது. லீக் விசாரித்தது. நிபந்தனை பின்பற்றப்படவில்லை என்று சொல்லி மார்ச் 23-ம் தேதி ட்ரேடை ரத்து செய்தது. அதற்குள் கெடு முடிந்துவிட்டதால், வேகாஸால் மாற்று டீல் எதுவும் பேச முடியவில்லை. 'நீ வேண்டாம்' என்று அனுப்பிய அணியின் அதே டிரெஸ்ஸிங் ரூமுக்கு டடோனோவ் திரும்பினார். அந்த சீசனை 20 கோல்களோடு முடித்தார். வேகாஸ் 94 புள்ளிகளில் நின்றது. கடைசியாக உள்ளே போன நாஷ்வில் 97. தன் வரலாற்றில் முதல்முறையாக பிளேஆஃபைத் தவறவிட்டது அந்த அணி.

அப்புறம்?

2022 ஜூனில் வேகாஸ் அவரை மான்ட்ரியலுக்கு அனுப்பியது. பதிலுக்கு வந்தது ஷே வெபரின் ஒப்பந்தம். அவரும் காயத்தால் ஆட முடியாதவர்தான்! அதாவது அதே டீல், வேறு ஊர். இந்த முறை பட்டியல் குறுக்கே வரவில்லை. அடுத்த ஆண்டு வேகாஸ் ஸ்டான்லி கோப்பையை வென்றது. மேற்குப் பிரிவு இறுதியில் அது வீழ்த்திய டல்லாஸ் அணியில் டடோனோவும் இருந்தார்.

இதில் நமக்கு என்ன?

உங்க கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்கினாலோ, மேனேஜர் மாறினாலோ, பழைய இடத்தில் ஒத்துக்கொண்ட விஷயம் புது ஆளுக்குத் தெரியும்னு நினைச்சுடாதீங்க. வொர்க் ஃப்ரம் ஹோமோ, இடமாற்றம் வேண்டாம் என்ற நிபந்தனையோ, எதுவானாலும் எழுத்தில் இருக்கட்டும். அதன் நகல் ஆபீஸ் மெயிலில் மட்டுமில்லாமல் உங்க கையிலும் இருக்கட்டும். லீக் விசாரிச்சப்போ டடோனோவைக் காப்பாத்தினது அவர் அடிச்ச கோல் இல்லை, எழுதிக் கொடுத்த அந்தப் பட்டியல்தான்.