'உனக்கு எந்தப் படம்மா பிடிக்கும்?'

தோழிகளே, நான் மயிலாடியைச் சேர்ந்த குடும்பத் தலைவி. எந்தத் தெருவில் நடந்தாலும் உளிச் சத்தம் கேட்கும் ஊர் எங்களுடையது. என் கணவரும் சிற்பப் பட்டறைதான் வைத்திருக்கிறார். கல்லூரியில் படிக்கும் மகன், பள்ளியில் படிக்கும் மகள், வயதான மாமியார் – இதுதான் என் குடும்பம்.

2025 ஆகஸ்ட் 14-ம் தேதி 'கூலி' வெளியானது. அப்பாவும் மகனும் ரஜினி ரசிகர்கள். எல்லோருமாக நாகர்கோவில் போவது என்று பேச்சு. கடைசி நேரத்தில்தான் தெரிந்தது, படத்துக்கு 'ஏ' சான்றிதழ், 18 வயது ஆகாதவர்களை உள்ளே விட மாட்டார்கள் என்று. மகளுக்கு அப்போது 16. "நீ பாப்பாவுக்குத் துணைக்கு இரு, நாங்க வந்து கதை சொல்றோம்" என்று இருவரும் கிளம்பி விட்டார்கள். நானும் வழக்கம்போல 'சரி' என்றேன்.

மகள்தான் விடவில்லை. "அப்பாவுக்கு ரஜினி, அண்ணனுக்கு லோகேஷ் கனகராஜ். உனக்கு எந்தப் படம்மா பிடிக்கும்?" என்று கேட்டாள்.

வாயைத் திறந்தேன், பதில் வரவில்லை! கல்யாணமாகி 24 வருஷத்தில் நானாக 'இந்தப் படத்துக்குப் போகலாம்' என்று சொன்னது ஒருநாள்கூட இல்லை. முதலில் அவருக்குப் பிடித்த படம், அப்புறம் பிள்ளைகளுக்குப் பிடித்த படம். எனக்குக் கிடைத்தது நடுவில் ஒரு சீட்டு, மடியில் முறுக்குப் பொட்டலம்!

அன்று ராத்திரி பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில், சமீபத்தில் தியேட்டரிலும் டி.வி.யிலும் மகனின் செல்போனிலும் பார்த்த படங்களை வரிசையாக எழுதினேன். பக்கத்திலேயே என் அபிப்பிராயத்தையும் எழுதினேன். அதில் சிலவற்றைத் தோழிகளுக்குச் சொல்கிறேன்.

முதலில் 'குடும்பஸ்தன்' (2025). வேலை போன கணவன், கடன் மேல் கடன். மணிகண்டன் நடிக்கிறார் என்றே தோன்றவில்லை, மாதக் கடைசியில் நம் வீட்டில் நடப்பதைப் பார்ப்பது போலவே இருந்தது. வயிறு குலுங்கச் சிரித்தேன். ஆனால் அந்த மனைவி வெண்ணிலா ஐ.ஏ.எஸ். பரீட்சைக்குப் படிக்கிறவள். அவன் கடன் ரூபாய் ரூபாயாக நமக்குத் தெரிகிறது. அவள் படிப்பு என்ன ஆயிற்று என்று நாமாகத்தான் தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. என் மகளுக்கும் சென்னைக்குப் போய்ப் படிக்க ஆசை. அவள் அப்பாவோ "நாகர்கோவில் காலேஜ் போதும்" என்கிறார். அதனால்தானோ என்னவோ, எனக்கு அது உறுத்தியது.

'டூரிஸ்ட் ஃபேமிலி' (2025), பிழைக்க வழியில்லாமல் இலங்கையிலிருந்து வரும் ஒரு குடும்பத்தின் கதை. சசிகுமாரும் சிம்ரனும் மனதில் நிற்கிறார்கள். தெருவில் ஒரு வயதான அம்மா இறந்தபோது, முன்பின் தெரியாத இந்தக் குடும்பம் ஓடிப்போய்த் துணை நிற்கும் காட்சியில் என்னால் அழுகையை அடக்க முடியவில்லை. ஒரே ஒரு குறை, தெருவில் உள்ள எல்லோரும் இத்தனை சீக்கிரம் நல்லவர்களாக மாறி விடுவார்களா? எங்கள் தெருவில் அப்படி இல்லையே!

மர்மப் படம் என்றால் 'மகாராஜா' (2024). முடி திருத்தும் கடைக்காரர் குப்பைத் தொட்டியைக் காணோம் என்று போலீசுக்குப் போகிறார். முதலில் 'இது என்ன கிறுக்கு' என்று தோன்றியது. முடிச்சு அவிழும்போது நெஞ்சு பதறியது. ரத்தம் தெறிக்கும் இடங்களில் கண்ணை மூடிக்கொண்டேன். இருந்தாலும் ஒன்றைப் பாராட்ட வேண்டும். கொடுமைக்கு ஆளான மகளை மூலையில் உட்கார்ந்து அழ விடவில்லை. குற்றவாளியின் எதிரில் நின்று பேச வைத்திருக்கிறார் டைரக்டர் நித்திலன் சாமிநாதன்.

ராணுவப் படமான 'அமரன்' (2024), 2014-ல் காஷ்மீரில் வீரமரணம் அடைந்த மேஜர் முகுந்த் வரதராஜனின் கதை. ஆனால் சொல்வது அவர் மனைவி இந்துவின் பார்வையில். என் அண்ணன் வளைகுடா நாட்டில் வேலை பார்க்கிறான். போன் வராத நாளில் மதினி படும் பாடு எனக்குத் தெரியும். சாய் பல்லவி போனைக் காதில் வைத்து நிற்கும்போது மதினியைத்தான் பார்த்தேன். துப்பாக்கி பிடிப்பவருக்கு மட்டுமா போர்? காத்திருப்பவளுக்கும்தானே!

விளையாட்டுப் படம் 'லப்பர் பந்து' (2024). கிரிக்கெட்டில் எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் வேலையை விட்டுவிட்டு மட்டையைத் தூக்கும் கணவனைக் கண்டு, டிராக்டரோடு மைதானத்தில் இறங்குகிறாளே யசோதை, அவளைத் தெரியும்! சுவாசிகாவுக்குக் கை தட்டியதில் கை சிவந்து விட்டது. "பாவம்லா அவரு, விளையாடிட்டுப் போட்டுமே" என்றார் என் கணவர். நான் பதில் சொல்லவில்லை.

இப்படி எழுதிப் பார்த்த பிறகுதான் எனக்கே ஒன்று புரிந்தது. சண்டையோ சிரிப்போ எதுவானாலும் சரி, படம் முடிந்து வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போதும் அந்தப் படத்தில் உள்ள பெண் என்னோடு பேசிக்கொண்டிருந்தால், அதுதான் எனக்குப் பிடித்த படம். மகளிடம் சொன்னேன். "அப்போ அடுத்த படம் நீதான் சொல்லணும்" என்றாள்.

அந்த மாதக் கடைசியிலேயே 'லோகா' என்ற மலையாளப் படம் வந்தது. நாயகி கல்யாணி பிரியதர்ஷன், கள்ளியங்காட்டு நீலி கதை என்று மகள் சொன்னாள். அடுப்படியில் நின்ற மாமியார் திரும்பிப் பார்த்தார். "யாரு, நம்ம நீலிக்க கதையா? அப்போ நானும் வாரேன் மக்ளே!"

எங்கள் பக்கத்துத் தோழிகளுக்கு நீலியைத் தெரியும். நகைக்காகக் கொல்லப்பட்டு, கள்ளிக் கொப்பைப் பிள்ளையாக இடுப்பில் ஏந்தி நியாயம் கேட்டு வந்தவள். முப்பந்தலில் இசக்கியம்மனாக இருப்பதும் அவளே. சிறு வயதிலிருந்து வில்லுப்பாட்டில் அவள் கதையைக் கேட்டு வளர்ந்தவர் என் மாமியார். கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பரில் தமிழ்நாட்டோடு சேர்வதற்கு முன்பு பள்ளிக்கூடம் போனவர் என்பதால் மலையாளமும் கொஞ்சம் எழுத்துக் கூட்டுவார். முட்டி வலியால் வருஷக் கணக்கில் தியேட்டர் பக்கமே போகாதவர், அன்று பேத்தியின் தோளைப் பிடித்துப் படி ஏறினார்.

படத்தில் நீலி மலைவாழ் சிறுமி. அரசனின் ஆட்களால் சொந்த பந்தத்தை இழந்தவள். இந்தக் காலத்துப் பெங்களூருக்கு வந்து அக்கிரமக்காரர்களை அடித்து நொறுக்குகிறாள். கடைசியில் சண்டை அதிகம், காது அடைத்துப் போயிற்று. ஆனாலும் ஒரு பெண்ணைக் கண்டு தியேட்டரே விசில் அடித்ததை அன்றுதான் பார்த்தேன். பழைய கதையை இப்படி மாற்றி விட்டார்களே என்று மாமியாருக்குக் கோபம் வருமோ என நினைத்தேன். அவரோ, "கதை வேற. ஆனா அவ கோவம் அதே கோவந்தான்" என்றார்.

அதே உற்சாகத்தில் மறுவாரம் வீட்டில் 'கொட்டுக்காளி' (2024) போட்டோம். பின்னணி இசையே கிடையாது. வேறு ஒருவனை விரும்பும் மீனாவுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று சூரியும் உறவுக்காரர்களும் சாமியாடியிடம் கூட்டிப் போகிறார்கள். அந்தப் பெண்ணாக வரும் அன்னா பென் அநேகமாகப் பேசுவதே இல்லை. மெதுவாக நகரும் படம். மகன் பாதியிலேயே எழுந்து போய் விட்டான். மாமியார் கண் கொட்டாமல் பார்த்தார்.

முடிந்ததும், "அந்தப் பிள்ளைக்குப் பேயும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கும் 17 வயசுல இப்பிடித்தான் மந்திரிச்சுக் கயிறு கெட்டினாவ" என்றார்.

"எதுக்கு அத்தை?"

"படிக்கணும்னு சொன்னேன். கல்யாணம் வேண்டாம்னு மூணு நாளு சாப்பிடல்ல. பேய்னு சொல்லிட்டாவ."

24 வருஷமாக அவரோடு ஒரே அடுப்படியில் நிற்கிறேன். இது எனக்குத் தெரியாது. வாசல் பக்கம் உட்கார்ந்திருந்த என் கணவருக்கும் தெரியாது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. மாமியார் பேத்தியைப் பார்த்து, "நீ எங்க படிக்கணுமோ அங்க படி பிள்ளே. ஒங்கப்பன்கிட்ட நான் சொல்லுகேன்" என்றார். தனியாகச் சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை, அப்பன் அங்கேதானே இருந்தார்! அவர் எதுவும் சொல்லாமல் எழுந்து பட்டறைக்குப் போனார். ஆனால் அதன் பிறகு 'நாகர்கோவில் போதும்' என்ற பேச்சு எங்கள் வீட்டில் எழவில்லை.

இப்போது எங்கள் வீட்டில் முறை வைத்திருக்கிறோம். ஆளுக்கு ஒரு படம், அவரவர் முறைக்கு அவரவர் இஷ்டம். மாமியாருக்கும் ஒரு முறை உண்டு!

சினிமா பார்த்துப் பெண்கள் கெட்டுப் போகிறார்கள் என்று பேசுகிறவர்கள் பேசட்டும். ஒரு படம் பார்த்ததால்தான் என் மாமியார் 60 வருஷமாக அடக்கி வைத்ததை வாய் திறந்து சொன்னார். தோழிகளே, உங்களுக்குப் பிடித்த படம் எது? கணவருக்கோ பிள்ளைகளுக்கோ பிடித்ததைக் கேட்கவில்லை, உங்களுக்குப் பிடித்தது! அப்படியே உங்கள் வீட்டுப் பெரியவரிடமும் கேட்டுப் பாருங்கள்.

– ஒரு வாசகி, மயிலாடி.