தனியாக யாரும் வெறியராவதில்லை

உடன்குடி வட்டாரத்தில் குலசை முத்தாரம்மன் தசராவும், மணப்பாட்டுச் சிலுவைக் கோயிலும், பள்ளிவாசலின் பாங்கொலியும் அக்கம்பக்கத்து வாழ்க்கை. மன்னார் வளைகுடாவுக்கு அக்கரையில், இலங்கையிலும் இப்படிப் பல ஊர்கள் உண்டு. அந்த நாட்டில்தான் 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறன்று மூன்று தேவாலயங்களிலும் கொழும்பின் சொகுசு ஓட்டல்களிலும் தற்கொலைக் குண்டுகள் வெடித்து, 260-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நீர்கொழும்பு செபஸ்தியார் ஆலயத்துக்குள் முதுகுப்பையோடு நுழைந்தவர், போகிற வழியில் ஒரு குழந்தையின் தலையைத் தொட்டுச் சென்றது கேமராவில் பதிவாகியிருக்கிறது. புத்தி பேதலித்தவரின் நடையல்ல அது. நம்மை நடுங்க வைப்பதும் அந்த நிதானம்தான்.

வறுமையே காரணம் என்பதும் பொருந்தவில்லை. ஓட்டல்களைத் தாக்கியவர்களில் இருவர் செல்வந்த மசாலா வணிகர் ஒருவரின் மகன்கள். அன்றைய குண்டுதாரிகளில் இன்னொருவர் வெளிநாட்டில் படித்தவர். தலைமை தாங்கிய காத்தான்குடி சஹ்ரான் ஹாஷிமின் சகோதரர்களும் அவர் வழியிலேயே போனார்கள். அண்ணன் தம்பி, கூட்டாளி என்ற உறவு இதில் தற்செயல் அல்ல. மனநல மருத்துவர் மார்க் சேஜ்மன், இத்தகைய வலையமைப்புகளில் இருந்த 172 பேரின் வாழ்க்கையை ஆராய்ந்து 2004-இல் நூலாக வெளியிட்டார். பெரும்பாலோரை உள்ளே இழுத்தது நட்பும் உறவும்தான் என்று அவர் கண்டார். முதலில் சேர்க்கை, பிறகுதான் கொள்கை உறைக்கிறது. வெளியார் குரல் அடைபட்ட சிறு வட்டத்துக்குள், நேற்று வரை கூசிய பேச்சு இன்று சாதாரணமாகிறது, நாளை கடமையாகிறது. தன் உயிருக்கு ஒரு பெரிய அர்த்தம் வேண்டும் என்ற ஏக்கம் அதற்கு எண்ணெய் ஊற்றுகிறது.

மதம்தான் காரணம் என்பார்கள் சிலர். மதத்தின் பெயரும் வசனங்களும் அங்கே ஆயுதமானது உண்மை. ஆனால் சஹ்ரானைப் பற்றி அதிகாரிகளிடம் முன்கூட்டியே முறையிட்டவர்களும் முஸ்லிம்களே. நம் தென்மாவட்டங்களில் சாதியின் பேரால் அரிவாள் தூக்கும் கும்பலும் இதே வழியில்தான் உருவாகிறது. மனத்தை ஆராய்வது கொலைகாரனுக்குப் பரிந்து பேசுவதாகாதா என்றும் கேட்கலாம். ஆகாது. கொன்றவனுக்குத் தண்டனை வேண்டும். அடுத்தவன் உருவாகாமல் தடுக்க இந்த அறிவு வேண்டும்.

ஆகவே, வீட்டுப் பிள்ளை பழைய சிநேகிதர்களை ஒவ்வொருவராக வெட்டிவிட்டு, ஒரே கூட்டத்தின் பேச்சை மட்டும் கேட்கத் தொடங்கினால், அவனைச் சந்தேகப்பட்டு ஒதுக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். ஒதுக்கினால் அவனுக்கு அந்த வட்டம் மட்டுமே மிஞ்சும்.