குதிரைச் சேணத்திலிருந்து சேனாபதி பீடம் வரை

கிரிக்கெட் ஆட்டத்தில் மோகமுள்ள நம் வீட்டுப் பிள்ளைகளிடம் ரஞ்சி யார் என்று கேட்டால் ஒரு மூச்சில் பதில் சொல்வார்கள். அதே ஜாம்நகர் ராஜவம்சத்தில், 1899-ஆம் வருஷம் கத்தியவாரில் பிறந்த ராஜேந்திரசிங்ஜி யார் என்று கேட்டுப் பாருங்கள், விழிப்பார்கள். என் வகுப்பில் நானே கேட்டுப் பார்த்ததுண்டு. சுதந்திர இந்தியாவின் சைன்யத்தில் 'தரைப்படைத் தலைவர்' என்னும் பட்டத்தை முதன் முதலில் தாங்கியவர் அவர்.

இங்கிலாந்தில் மால்வர்ன் கல்லூரியிலும், பின்பு ஸாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியிலும் பயின்றவர், 1922-இல் இரண்டாவது லான்ஸர் என்னும் குதிரைப் படையில் சேர்ந்தார். 1809-இல் கார்டனர் என்பவர் திரட்டிய பழம்பெரும் படை அது. அக்காலத்தில் இந்தியன் ஒருவன் அதிகாரியாவது எளிதன்று. வெள்ளைக்கார அதிகாரி எவரும் இந்தியருக்குக் கீழே வேலை பார்க்க நேரக் கூடாதே என்ற கவலை சர்க்காருக்கு! ஆகவே 1923-இல் எட்டே எட்டுப் படைகளைக் குறிப்பிட்டு, இந்திய அதிகாரிகள் அவற்றிலேயே உயரட்டும் என்று வேலி கட்டினார்கள். இரண்டாவது லான்ஸர் அந்த எட்டில் சேர்ந்ததன்று. வேலிக்கு வெளியே நின்றே அவர் பணிபுரிந்தார்.

பிறகு குதிரைகள் போயின. மோட்டார் லாரிகள் வந்தன. 1941 ஏப்ரலில் லிபியப் பாலைவனத்திலுள்ள மெக்கீலி என்ற பழைய கோட்டையருகே மூன்றாவது இந்திய மோட்டார் பிரிகேடை ஜெர்மானிய ஸேனாதிபதி ரோம்மலின் படைகள் வளைத்துக்கொண்டன. நம்மவர்களிடம் டாங்கி கிடையாது. சரணடையும்படி தூது வந்தது. மறுத்துத் திருப்பி அனுப்பினார்கள். ஏப்ரல் 8-ஆம் தேதி விடியற்காலையில் முற்றுகையை உடைத்துப் புறப்படுவதென்று தீர்மானமாயிற்று. அந்த முயற்சியில் பெரும் பகுதியினர் பிடிபட்டனர், பிரிகேடியரே சிறைப்பட்டார். ராஜேந்திரசிங்ஜியோ தமது பிரிவை நடத்திக்கொண்டு பகைவர் வளையத்தைத் துளைத்து வெளியேறினார். தப்பி ஓடுகிறவன் சிறைக் கைதிகளைச் சுமந்து வருவானா? அவர் வழியில் பிடித்த எதிரிகளையும் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்! அதற்காக டி.எஸ்.ஓ. என்னும் விருது கிடைத்தது. அந்த மகாயுத்தத்தில் அதைப் பெற்ற முதல் இந்தியர் அவரே. 1943-இல் தாம் இளைஞராகச் சேர்ந்த அதே படைக்கு அவர் தளபதியானார். வேலி கட்டியவர்களின் கவலை பலித்தே விட்டது.

"அன்னியன் கொடியின் கீழல்லவா இத்தனை வீரமும்?" என்று நேயர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் 1947-இல் நாடு விடுதலை பெற்றபோது, படை நடத்தத் தெரிந்த இந்தியர் நமக்கு மிகச் சிலரே இருந்தனர். அந்தச் சிலர் இல்லாவிட்டால் வேறு யாரை நம்பியிருப்போம்?

1948 செப்டம்பரில் ஹைதராபாத் நடவடிக்கை நிகழ்ந்தபோது தென்மண்டலப் படைத்தலைவர் அவரே. அவருக்குக் கீழே, மற்றொரு குதிரைப்படை வீரரான ஜே. என். சௌதுரி, ஷோலாப்பூர்ப் பக்கமிருந்து கவசப் படையைச் செலுத்தினார். 13-ஆம் தேதி தொடங்கியது, 17-ஆம் தேதி ஓய்ந்தது. ஆனால் சண்டைக்குப் பின் அந்த ராஜ்யத்தின் ஜில்லாக்களில் நிரபராதிகள் பலர் மாண்டதையும் மறைப்பதற்கில்லை.

1953 ஜனவரியில் கரியப்பாவுக்குப் பின் அவர் பிரதம ஸேனாதிபதியானார். வெள்ளைக்கார ராஜப்பிரதிநிதிகளின் காலத்துப் பட்டம் அது. குடியரசிலோ படைகளுக்கெல்லாம் மேலான தலைவர் ராஷ்டிரபதி. ஆகையால் 1955 ஏப்ரல் முதல் தேதி அந்தப் பழைய பட்டத்தை எடுத்துவிட்டார்கள். ஆணைப்படி பெரிய பெயரைக் கழற்றி வைத்துவிட்டுச் சிறிய பெயரை ஏற்றவர் நம் லான்ஸர் வீரர். புதிய பட்டத்துடன் ஒன்றரை மாதந்தான் இருந்தார். மே 14-ஆம் தேதி ஸ்ரீநாகேஷிடம் பொறுப்பை ஒப்படைத்து ஓய்வு பெற்றார். 1964 ஜனவரி முதல் தேதி காலமானார்.